புளியரை மலைப் பாறை இமயமலை மாதிரி மோதலில் பிறந்ததா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: புளியரை எஸ் வளைவைத் தாண்டி ஆரியங்காவு போகும் வழியில், சாலைக்காக வெட்டிய பாறையில், நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிவது போல, வரி வரியான வெளிர் கல் இருக்கிறது. அதை ஒட்டியே எண்ணெய் தடவியது போலப் பச்சை கலந்த கருங்கல்லும் இருக்கிறது. இரண்டிலும் மிளகு அளவில் சிவப்பு மணிகள். கல்லூரியில் படிக்கும் உங்கள் தங்கை இது கண்டங்கள் மோதியதில் உண்டான கல் என்கிறார். பாடப் புத்தகமோ மேற்குத் தொடர்ச்சி மலை மோதலில் எழுந்த மலை இல்லை என்கிறது. இரண்டில் எது சரி, மோதல் நடந்தது உண்மையென்றால் அந்தப் பெரிய மலை எங்கே போனது என்று கேட்கிறீர்கள். இரண்டுமே சரி. கல்லுக்கு ஒரு வயது, அது இன்று நிற்கும் மலைக்கு வேறொரு வயது. இந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் மிச்சமெல்லாம் கணக்குதான்.

மோதல் என்றதும் லாரியும் பஸ்ஸும் மோதுவது போல நினைக்க வேண்டாம். இமயத்தில் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 4 செ.மீ. வடக்கே நகர்கிறது, அதில் ஏறக்குறைய பாதியை இமயமலை தனக்குள் மடித்து வாங்கிக்கொள்கிறது. கிட்டத்தட்ட 5 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை நமக்கும் ஆசியாவுக்கும் நடுவே கடல் இருந்தது. கடல்தரைப் பாறை கனமானது, பழசாகி ஆறினால் இன்னும் கனம் கூடும். அதனால் ஆசியாவுக்கு அடியில் சரிந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கடல் தீர்ந்து கண்டம் வந்து சேர்ந்ததும் கதை மாறியது. கண்டத்தின் மேலோடு இலேசானது, தண்ணீரில் அமுக்கிய மரக்கட்டை போல உள்ளே போக மறுக்கும். முழுக்க மறுக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. லடாக்கின் சோ மொராரிப் பகுதிப் பாறையில் கோயசைட் என்ற கனிமம் கிடைத்திருக்கிறது. சாதாரணக் குவார்ட்ஸ் 90 கி.மீ. அளவு ஆழத்தின் அழுத்தத்தில்தான் கோயசைட்டாக மாறும். கண்டத்தின் முன்விளிம்பு அந்த ஆழம் வரை இழுத்துப் போகப்பட்டு, பிறகு மேலே திரும்பி வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பெரும்பகுதி உள்ளே போகவில்லை. ஏடு ஏடாகப் பிளந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடுக்கிக்கொண்டது. 35, 40 கி.மீ. இருந்த மேலோடு திபெத்துக்குக் கீழே சுமார் 70 கி.மீ. ஆனது.

மலையின் உயரம் இந்தத் தடிமனிலிருந்துதான் வருகிறது. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், மேலோட்டின் அடர்த்தி சராசரியாக 2.8, அதற்குக் கீழே இருக்கும் மேன்டிலின் அடர்த்தி 3.3. மேன்டில் திடப்பாறைதான், ஆனால் இலட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கெட்டிப் பாகு போல நகரும். மேலோடு அதில் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் தரைக்கு மேல் 1 கி.மீ. உயர்ந்து நிற்க, கீழே 2.8 ÷ (3.3 − 2.8), அதாவது 5.6 கி.மீ. வேர் வேண்டும். திபெத் 5 கி.மீ. உயரம் என்றால் வேர் 28 கி.மீ. அதோடு மேலே நிற்கும் 5-ஐயும் வழக்கமான 35-ஐயும் சேர்த்தால் 68 கி.மீ. நிலநடுக்க அலைகளை வைத்து அளந்த தடிமனும் கிட்டத்தட்ட அதேதான். இந்த யோசனை பிறந்ததே இந்தியாவில் எடுத்த அளவையில்தான். ஜார்ஜ் எவரெஸ்ட் நடத்திய நில அளவையில் கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு இடங்களுக்கு இடையே, நிலத்தில் அளந்த கணக்குக்கும் நட்சத்திரம் பார்த்து அளந்த கணக்குக்கும் 5.236 விநாடிக் கோணம் இடித்தது. இமயமலை தூக்குநூலைத் தன் பக்கம் இழுப்பதால் வரும் பிழையோ என்று கல்கத்தாவில் இருந்த பாதிரியார் பிராட் கணக்குப் போட்டார். 15.885 விநாடி வர வேண்டும் என்று விடை வந்தது. மலை இருக்க வேண்டிய அளவுக்கு இழுக்கவில்லை. அடியில் இலேசான வேர் இருப்பதால்தான் இழுப்புக் குறைகிறது என்று 1855-ல் ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் விளக்கம் கொடுத்தார்.

உங்கள் கல் அந்த வேரைச் சேர்ந்தது. இமயத்தின் வேர் இல்லை, அதைவிடப் பத்து மடங்கு பழைய ஒரு மலையின் வேர். கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் துண்டு துண்டாக வந்து ஒட்டிக்கொண்ட காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்னிந்தியாவின் இந்த முனையும் மடகாஸ்கரும் இலங்கையும் கிழக்கு ஆப்பிரிக்காவும் ஒரே மலைத்தொடருக்குள் சிக்கியிருந்தன. தமிழ்நாட்டு எல்லையில் அதன் தடம் அச்சன்கோவில் வெட்டு மண்டலம், அதாவது இரு பக்கத்துப் பாறையும் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக மலையைக் குறுக்கே வெட்டித் தென்காசிப் பக்கம் இறங்குகிறது. அச்சன்கோவில் ஆறு அவ்வளவு நேராக ஓடுவதே அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுவதால்தான். கோட்டுக்குத் தெற்கே திருவனந்தபுரம், குமரிப் பக்கத்துப் பாறைகள். வடக்கே மதுரை, கொடைக்கானல், மூணாறு பக்கத்துப் பாறைகள்.

வேருக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு இப்போது வருவோம். அழுத்தம் உடனே ஏறிவிடும்: ஏறக்குறைய 3.5 கி.மீ. ஆழத்துக்கு ஒரு கிலோபார், அதாவது காற்றழுத்தத்தைப் போலச் சுமார் ஆயிரம் மடங்கு. வெப்பம் அப்படியில்லை. பாறை மட்டமான கடத்தி, 30 கி.மீ. தடிமனான ஏட்டுக்குள் சூடு பரவிச் சேரச் சுமார் 3 கோடி ஆண்டு பிடிக்கும். அதனால் அடுக்கிய புதிதில் வேர் ஆழத்துக்குப் பொருந்தாத அளவு குளிர்ச்சியாகத்தான் இருக்கும். பிறகு மெதுவாகச் சூடேறும். அந்தச் சூட்டில் கணிசமான பங்கு பாறைக்குள்ளிருந்தே வருகிறது. மேலோட்டில் இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதையும்போது கன மீட்டருக்கு ஓரிரு மைக்ரோவாட் வெப்பம் கிடைக்கும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த மேலோட்டை இரண்டு மடங்காக அடுக்கி, மேலே போர்த்தி, மூன்று நான்கு கோடி ஆண்டு விட்டுவைத்தால் 700, 800 டிகிரியைத் தொட்டுவிடும்.

அந்த வரி வரியான கல்லையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் சொல்லும் அடையாளப்படி அது நைஸ் என்ற, சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய கல் வகை, அநேகமாக ஒரு காலத்துச் சேறு. களிமண் சேறு புதைந்து சூடேறும்போது முதலில் பலகைக் கல் போலாகும். பிறகு அப்ரகம் மின்னும் தகட்டுக் கல்லாகும். சூடு 500 டிகிரியைத் தாண்டும் சமயத்தில் கார்னெட் மணிகள் முளைக்கத் தொடங்கும். இன்னும் சூடேறினால் வெள்ளை அப்ரகம் சிதைந்து சில்லிமனைட் என்ற கனிமத்தின் ஊசிகள் வரும். 750-லிருந்து 850 டிகிரிக்குள் கருப்பு அப்ரகமான பயோடைட்டும் தாக்குப்பிடிக்காது. பயோடைட்டின் எடையில் நூற்றுக்குச் சுமார் 4 பங்கு தண்ணீர், படிகத்துக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். படிகம் உடையும்போது அந்தத் தண்ணீர் ஆவியாக வெளியே ஓடாது, பக்கத்தில் இருக்கும் குவார்ட்ஸையும் ஃபெல்ஸ்பாரையும் கொஞ்சம் உருக்கிக்கொண்டு அந்த உருகலுக்குள் போய்விடும். நீங்கள் பார்க்கிற வெள்ளை வரிகள் பல இடங்களில் அந்த உருகல் உறைந்த தடம். அருகில் குனிந்து பாருங்கள். வெள்ளை வரியின் ஓரத்தில் மெல்லிய கருப்புக் கரை ஓடும், உருகாமல் மிஞ்சிய சக்கை அது. சிவப்பு மணி பெரும்பாலும் வெள்ளை வரிக்குள்ளேயோ அதன் ஓரத்திலோ உட்கார்ந்திருக்கும், ஏனென்றால் பயோடைட் சிதைந்ததில் உருகலோடு கூடப் பிறந்தது கார்னெட். அந்த மணியை மாணிக்கம் என்று யாராவது விலை பேசினால் நம்பாதீர்கள். விரிசல் விட்ட கார்னெட்டுக்கு உப்புத்தாள் செய்யும் தொழிலில்தான் மதிப்பு.

பச்சை கலந்த கருங்கல் சார்னோக்கைட்டாக இருக்கலாம். இந்தப் பெயருக்கு ஒரு வேடிக்கையான பின்னணி உண்டு. கொல்கத்தாவில், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்துக் கல்லைக் கொண்டுபோயிருந்தார்கள். அந்தக் கல்லைப் பார்த்து 1893-ல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் வைத்த பெயர் இது. பரங்கிமலையும் பல்லாவரமும்தான் இதற்கு மூல ஊர்கள். தண்ணீர் குறைந்த சூழலில் 750, 800 டிகிரிக்கு மேல் பயோடைட்டுக்குப் பதிலாக ஹைப்பர்ஸ்தீன் என்ற பழுப்புக் கனிமம் வந்துவிட்டால், நைஸாக இருந்த கல் சார்னோக்கைட் ஆகிறது. திருவனந்தபுரம் பக்கத்துப் பொன்முடியில் இந்த மாற்றம் பாதி வழியில் நின்றுபோனதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெளிர் நைஸுக்குள் கருப்புத் திட்டுகள் ஓரிரு சாண் அகலத்தில் படர்ந்து, திட்டுக்குள் போனதும் வரிகள் மங்கி மறைந்துவிடும். உங்கள் படத்தில் இருப்பதும் இதே மாதிரி இருக்கலாம். ஆனால் படத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, விரிசலில் உருகிய குழம்பு ஏறி உறைந்த, டைக் என்கிற பிற்காலக் கருங்கல் சுவரும் தூரத்திலிருந்து இப்படித்தான் தெரியும். பிரித்தறிவது கடினமில்லை. டைக்கின் ஓரம் கத்தியால் கீறியது போல நேராக இருக்கும், கல்லின் படிக மணி மிகப் பொடிசாக இருக்கும், வரிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். சார்னோக்கைட்டின் ஓரம் துணியில் எண்ணெய் ஊறியது போல மங்கிக் கரையும், பக்கத்துக் கல்லின் மணி அளவு அப்படியே தொடரும். புதிதாக உடைந்த முகத்தைப் பார்ப்பது முக்கியம். வெயிலும் மழையும் பட்ட ஓர் அங்குலத்தில் அந்த எண்ணெய்ப் பச்சை வெளுத்துவிடும், பிறகு நைஸுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. குவாரிக்காரர்கள் இரண்டையும் கருங்கல் என்றே விற்பதில் தப்பில்லை, ஜல்லிக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, 25 கி.மீ. ஆழத்தில் வெந்த கல் சாலையோரத்துக்கு எப்படி வந்தது? மலையை மழையும் ஆறும் அரிக்கும்போது பாரம் குறைகிறது, வேர் கீழிருந்து மிதந்து எழுகிறது. ஒரு கி.மீ. கல்லை மேலிருந்து வழித்தெடுத்தால் 0.85 கி.மீ. மறுபடி எழுந்துவிடும், மலை உண்மையில் குறைவது 0.15 கி.மீ. மட்டுமே. திருப்பிப் போட்டால், சராசரி உயரத்தில் 1 கி.மீ. குறைக்க 6.6 கி.மீ. கல் அரிபட வேண்டும். 4 கி.மீ. உயரமான மேட்டைத் தரைமட்டமாக்க ஏறக்குறைய 26 கி.மீ.! அதாவது ஒரு பெரிய மலைத்தொடர் தேய்ந்து முடிகிற இடத்தில் 25 கி.மீ. ஆழத்துப் பாறை வெளியே கிடப்பது தற்செயல் இல்லை, கணக்குப்படி அதுதான் கிடக்க வேண்டும். ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் அரிப்பு என்று வைத்தாலும் 5 கோடி ஆண்டில் வேலை முடிந்துவிடும், நமக்குக் கிடைத்ததோ 50 கோடி ஆண்டு. மலை எங்கே போனது என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: மணலும் சேறுமாகக் கரைந்து கடலுக்குப் போனது. அந்த அரிப்பு இன்றும் நிற்கவில்லை. கேரளத்தின் சவராவிலும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கருமணல் என்று அள்ளுகிறார்களே, அதில் இருக்கும் இல்மனைட், மோனசைட், சிர்கான், சில்லிமனைட், கார்னெட் எல்லாம் இந்த வேர்ப்பாறைகள் உதிர்ந்து வந்தவை. அலை இலேசான குவார்ட்ஸை இழுத்துப் போய்விடும், கனமானவை கரையில் தங்கிவிடும்.

கல் மேலே ஏறி வந்த பயணத்துக்குக் கல்லுக்குள்ளேயே பதிவு உண்டு. அச்சன்கோவில் மண்டலத்தில் கார்டியரைட் என்ற கனிமம் கலந்த நைஸ் நிறைய. கார்னெட்டும் சில்லிமனைட்டும் குவார்ட்ஸும் சேர்ந்து கார்டியரைட்டாக மாறினால் அதே சரக்கு அதிக இடத்தை அடைக்கும். அதனால் சூடு தணியுமுன்னே அழுத்தம் குறைந்தால்தான் அது நடக்கும். கார்னெட் மணியைச் சுற்றி நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தால், கல் சூடாக இருந்தபோதே மேலே ஏறியது என்று படிக்கலாம். சில்லு சீவி நுண்ணோக்கியில் வைத்தால் தெளிவாகத் தெரியும், வெறுங்கண்ணில் குவார்ட்ஸோடு குழம்பும்.

இந்த டிகிரியையும் கிலோபாரையும் எவ்வளவு நம்பலாம்? வெப்பத்துக்கு ஒரு வழி, கார்னெட்டும் பயோடைட்டும் இரும்பையும் மக்னீசியத்தையும் எப்படிப் பங்கிட்டுக்கொண்டன என்று அளப்பது. பிழை 50 டிகிரி வரை சகஜம். அதைவிடப் பெரிய சிக்கல், கல் ஆறும்போதும் ஓரங்களில் அந்தப் பங்கீடு தொடர்வதுதான். விளிம்பை மட்டும் அளந்தால் 850-ல் வெந்த கல் 650 என்று சொல்லும். அழுத்தத்தில் 1 கிலோபார் பிழை என்றால் ஆழத்தில் 3.5 கி.மீ. அதனால் 25 கி.மீ. என்று நான் சொல்வதை 20-க்கும் 30-க்கும் நடுவே என்று வாசியுங்கள். வயது இதைவிட உறுதி. சிர்கான் படிகம் வளரும்போது யுரேனியத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. பிறகு உள்ளே இருக்கும் ஈயமெல்லாம் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். ஆனால் ஒரே சிர்கான் மணியில் இரண்டு வயது இருக்கும். உட்கரு பழைய கண்டத்திலிருந்து அடித்து வந்த மணல், தெற்குக் கேரளப் பாறைகளில் அது 180, 200 கோடி ஆண்டையும் தாண்டிப் போகும். மேலே போர்த்திய ஓடு மலை வெந்த காலத்தது, அதுதான் அந்த 55 கோடி, கொஞ்சம் முன்பின். முழு மணியையும் கரைத்து ஒரே எண்ணாகச் சொன்ன பழைய அளவுகள் இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கும், அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. இன்னொன்று: சார்னோக்கைட் என்றாலே 55 கோடி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீலகிரிச் சார்னோக்கைட்டும் பல்லாவரத்துச் சார்னோக்கைட்டும் சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. பெயர் ஒன்று, வெந்த அடுப்பு வேறு.

இப்போது இன்னும் தீராத வழக்குகள். கோண்ட்வானா சேர்ந்த காலத்தில் இங்கே மேலோடு தடித்து வெந்தது என்பதில் சச்சரவு இல்லை. கையில் இருக்கும் கல் 25 கி.மீ. ஆழத்திலிருந்து வந்தது, அதற்குக் கீழே இன்றும் 35, 40 கி.மீ. மேலோடு இருக்கிறது, கூட்டினால் 60-க்கு மேல் என்பது வலுவான வாதம். ஆனால் பிற்காலத்தில் கீழிருந்து எரிமலைக் குழம்பு வந்து ஒட்டித் தடிமனைக் கூட்டியிருந்தால் அந்தக் கூட்டல் கொஞ்சம் குறையும். கடல் மூடிய கோடு எது என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. சிலர் பாலக்காடு–காவேரி மண்டலம் என்கிறார்கள், சிலர் அச்சன்கோவில் என்கிறார்கள், அச்சன்கோவில் வெறும் பக்கவாட்டு நகர்வுதான் என்பாரும் உண்டு. மடகாஸ்கரில் இதன் தொடர்ச்சி எந்தக் கோடு என்பதும் அந்த வழக்கோடு சேர்ந்ததே. வெப்பத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. தேனி மாவட்டம் கெங்குவார்பட்டியில் சஃபிரின் கனிமம் இருக்கும் பாறை 900 டிகிரிக்கு மேல் வெந்தது. கதிரியக்கச் சூடு மட்டும் அவ்வளவு தூரம் கொண்டுபோகுமா, மேன்டில் சூடும் சேர்ந்ததா? நெடுங்காலம் அரிபடாமல் நின்ற உயரமான மேடு என்றால் முதல் வழியே போதும் என்பது என் சாய்வு, தீர்ப்பு இல்லை. பொன்முடித் திட்டுகளிலும் இதே கதை: கரியமில வாயு ஊடுருவித் தண்ணீரை விரட்டியதா, உருகல் தண்ணீரை இழுத்துக்கொண்டதா என்று நாற்பது ஆண்டாகப் பேசுகிறார்கள். இரண்டுமே வெவ்வேறு இடத்தில் நடந்திருக்கலாம்.

பாடப் புத்தகம் சொல்வது இன்றைய மலையைப் பற்றி. பழைய மலை தேய்ந்து வெகுகாலம் கழித்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிய்ந்து போனது. பிளந்த கண்டத்தின் ஓரம் மேடாக நின்றது, மேற்கே கடல்மட்டத்துக்கு இறங்கிய ஆறுகள் அந்த ஓரத்தைச் செங்குத்தாக அரித்துக் கிழக்கே தள்ளிக்கொண்டு வந்தன. கேரளப் பக்கம் பெரும்பாலும் சுவர் போலவும் நம் பக்கம் பல இடங்களில் சரிவாகவும் இருப்பதற்கு இதுதான் பெரும் காரணம். ஓரம் எப்போது எவ்வளவு உயர்ந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் ஆனைமுடியின் 2,695 மீட்டருக்குக் காரணம் கண்ட மோதல் இல்லை என்பதில் குழப்பமில்லை. செங்கோட்டைக் கணவாய் தாழ்ந்திருப்பதற்குப் பழைய வெட்டு மண்டலத்தில் நொறுங்கிய பாறை சுலபமாக அரிபட்டது ஒரு காரணமாக இருக்கலாம்.

வீட்டிலேயே ஒன்று சோதித்துப் பார்க்கலாம். கைமுட்டி அளவில் வெளுக்காத துண்டு ஒன்றை எடுத்துச் சமையலறைத் தராசில் நிறுங்கள், 1,000 கிராம் என்று வையுங்கள். தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து அளவைச் சுழியம் ஆக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் சுவரிலும் படக்கூடாது, பட்டால் கணக்கு கெட்டது. தராசு 366 காட்டினால் அடர்த்தி 1,000 ÷ 366, அதாவது 2.73, சார்னோக்கைட்டோ நைஸோ இருக்கும். 2.95-க்கு மேல் போனால் டைக் அல்லது கார்னெட் மண்டிய கல். கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழியைத் தட்டிவிட மறந்தால் அடர்த்தி குறைவாகக் காட்டும். துண்டைச் சாலையோரம் விழுந்து கிடப்பதிலிருந்தே எடுங்கள். வெட்டிய பாறை முகத்தைச் சுத்தியலால் தட்ட வேண்டாம், அந்த வளைவில் மழைக்காலத்தில் கல் சரியும், பக்கத்து மலையோ காப்புக்காடு.